பழைய மாருதி 800-ஐ வாங்கிச் செப்பனிடுவது எப்படி? ஆர்.சி. புத்தகம் முதல் ஹெட்லைட் ரிலே வரை

ஒரு காரைச் சொந்தக் கையால் பிரித்து, துரு நீக்கி, தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு மாருதி 800 நல்ல தேர்வு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி இது. மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜின், சுமார் 650 கிலோ எடை. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை நுழைய இடமும் இருக்கும். 10, 12, 14, 17 அளவு ஸ்பேனர்களும் ஒரு சாக்கெட் செட்டும் இருந்தால் பாதி வேலை முடியும். உதிரிபாகம் சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைக்கிறது. சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜி.பி. ரோடும், கதவு, பம்பர், லைட் போன்ற பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன்பே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் என்ஜின் வேலை மலிவு, தகர வேலைதான் விலை. புகை கக்கும் என்ஜினை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். அரித்துப்போன ஃப்ளோரும், கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் ரன்னிங் போர்டும் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்க வைக்கும். அதனால் ஓடாத என்ஜினும் நல்ல உடம்பும் உள்ள வண்டிக்குத் தயங்காமல் பணம் கொடுக்கலாம். பளபளவென்று பெயின்ட் அடித்து, அடியில் பட்டி (பள்ளம், ஓட்டையை நிரப்பும் பசை) பூசி மறைத்த வண்டியை, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

மொத்தப் பட்ஜெட்டில் வாங்கும் விலை 40 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியில் பிரேக், சஸ்பென்ஷன், டயர், தகரம், ஒயரிங் என்று வரிசையாகச் செலவு காத்திருக்கிறது. முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால் வேலை பாதியில் நின்று, வண்டி தார்பாய்க்கு அடியில் மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும்.

கார்பரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா?

பழைய வண்டிகள், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்பரேட்டர் உள்ளவை. 2000-ஐ ஒட்டி, கம்ப்யூட்டர் யூனிட் அளந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. தினமும் ஓட்டத் தேவைப்படுகிறவர் எம்.பி.எஃப்.ஐ. வண்டியை எடுப்பது நல்லது: காலையில் சோக் இழுக்க வேண்டியதில்லை, மைலேஜும் சீராக இருக்கும். என்ஜின் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்குக் கார்பரேட்டர் வண்டிதான் ஆசிரியர். இடையில் கொஞ்ச காலம் ஐந்து கியர், 12 வால்வு என்ஜினோடு ஒரு வகை வந்தது. அது சுறுசுறுப்பான வண்டி. நல்ல நிலையில் கிடைத்தால் விடவேண்டாம், ஆனால் அதையே தேடி அலைய வேண்டியதில்லை.

காகிதம் முதலில்

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், ஃபைனான்ஸ் பாக்கி உண்டா, ஆர்.சி. எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, நிலுவைச் சலான் ஏதும் உண்டா என்பவை தெரிந்துவிடும். ஃபைனான்ஸ் பதிவு நீங்காமல் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் விற்பவர் கையில் இருக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். “கடன் எப்போதோ முடிந்துவிட்டது” என்ற வாய்ச்சொல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் செல்லாது.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. மாருதி 800 எல்லாமே இப்போது இந்த வயதைத் தொட்டுவிட்டன அல்லது தொடப்போகின்றன. 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் ரூ. 10,000 ஆக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் இதோடு பசுமை வரியும் சேரும். ஆர்.சி. காலாவதியாகிக் கிடக்கும் வண்டியென்றால் தாமதத்துக்கு மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறியிருக்கும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: புதுப்பிக்க வண்டி ஓடும் நிலையில் ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். ஆர்.சி. தீர்ந்து, என்ஜினும் படுத்துவிட்ட வண்டியை வாங்கினால், அதைச் சாலையில் சோதித்துப் பார்க்கக்கூட வழி இருக்காது. முதல் முயற்சிக்கு ஆர்.சி. உயிரோடு உள்ள வண்டியே எடுங்கள்.

வாங்கும்போது பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, இரண்டிலும் விற்பவர் கையெழுத்து. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கெடுபிடி இருப்பதால் அங்கிருந்து மலிவாக வரும். வரி, போக்குவரத்து, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட நேரில் பார்த்தே ஆக வேண்டும். என்ஜின் அறையின் பின்சுவர்த் தகட்டில் எண் அடித்திருப்பார்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் வெல்டிங் தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ தெரிந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். என்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும். இந்த வண்டிகளில் பழைய என்ஜினைக் கழற்றி வேறொன்று வைத்து, ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருப்பது சாதாரணமாக நடப்பது.

உடம்பைப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், வண்டி நனையாமல் இருக்கும்போது பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம், டார்ச், தட்டையான ஸ்க்ரூடிரைவர், முழங்காலுக்கு ஒரு சாக்கு போதும். கதவின் அடிப்பாகம், பின் சக்கர வளைவு, ரன்னிங் போர்டு, ஃபென்டரின் கீழ்முனை ஆகிய இடங்களில் காந்தத்தை வையுங்கள். நல்ல தகரத்தில் இழுத்துப் பிடிக்கும், பட்டி தடித்திருந்தால் நழுவும்.

இந்த வண்டி துருப்பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். முன் இருக்கைகளுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே ஃப்ளோர். கண்ணாடி ரப்பர் பீடிங் வழியாக மழைத்தண்ணீர் கசிந்து கார்ப்பெட்டுக்குக் கீழே தேங்கும், கார்ப்பெட் அதைக் காயவே விடாது. பேட்டரி வைக்கும் தட்டுக்கு அடியில் ஆசிட் சிந்தி அரிக்கும். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, டெயில் லைட் கேஸ்கட் வழியே வரும் தண்ணீர். முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். என்ஜின் அறையில், முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் மேலே வந்து பூட்டும் இடம். பின் சஸ்பென்ஷன் ஆர்ம் உடம்போடு இணையும் பிராக்கெட்.

கடைசி இரண்டும்தான் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவை. ஸ்ட்ரட் பூட்டும் தகடு மெலிந்திருந்தால், ஒரு குழியில் இறங்கும்போது ஸ்ட்ரட் மேலே குத்திக் கிழிக்கும். பின் பிராக்கெட் அரித்திருந்தால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஃப்ளோரில் உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தால்கூட வெட்டி ஒட்டிவிடலாம். இந்த இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை அழுந்தினால் வண்டியை விட்டுவிடுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரப் பகுதிகளில் வளர்ந்த வண்டியென்றால் இன்னும் நிதானமாகப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்களின் மேல் காய்ந்த வண்டல், இருக்கைச் சட்டத்தின் ஸ்பிரிங்கில் சீரான துரு ஆகியவை மற்ற அடையாளங்கள். சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வண்டியில் என்ஜினைச் சரிசெய்தாலும் ஒயரிங் கனெக்டர்கள் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்துத் தொல்லை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நான்கு கதவையும் மெதுவாகச் சாத்திப் பாருங்கள். கதவுக்கும் பில்லருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால், ஒன்று கீல் தேய்ந்திருக்கிறது, அல்லது ரன்னிங் போர்டு பலமிழந்து உடம்பு நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவைத் தூக்கிப் பார்த்தால் கீலா என்பது தெரிந்துவிடும்.

என்ஜினை ஆறின நிலையில் கேளுங்கள்

நீங்கள் போகும்போது பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் தொல்லையை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று காத்திருங்கள்.

நீலப் புகை ஆயில் எரிவது. ஸ்டார்ட் செய்த நொடியில் மட்டும் வந்து நின்றால் வால்வு சீல், அது சின்ன வேலை. ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங் தேய்மானம். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதி, பெரும்பாலும் கார்பரேட்டர் அல்லது ஏர் ஃபில்டர். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

முடிந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கையும் கழற்ற வேண்டும், இக்னிஷனைத் துண்டிக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். கேஜ் காட்டும் எண்ணைவிட மூன்று சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்: 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

ஓட்டிப் பார்க்கையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். டக்டக் என்று அடித்தால், முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சி.வி. ஜாயின்ட் போய்விட்டது. கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் கியர் தானாக நழுவக் கூடாது. மேட்டில் உயர்ந்த கியரில் அழுத்தும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இவை எல்லாமே விலையைக் குறைக்கப் பேசும் காரணங்கள்தான், வண்டியை வேண்டாம் என்று சொல்லும் காரணங்கள் அல்ல.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். அதே ரக என்ஜினை மாற்றவும் அங்கீகரிக்கப்பட்ட எரிவாயு கிட் பொருத்தவும் முறையான அனுமதி உண்டு. கூரையை வெட்டுவது, நீளத்தைக் குறைப்பது, பெரிய என்ஜினை இறக்குவது ஆகியவை கூடாது. மாருதி ஜென் காரின் என்ஜினை இதில் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த வேகத்துக்குச் செய்யப்படாதவை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவதும் இதைத்தான். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், முன்னால் இரும்பு பம்பர் கார்டு, பல குரல் ஹாரன் இவற்றுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

வேலையின் வரிசை: முதலில் நிற்க வேண்டும்

வாங்கியதும் பெயின்ட் கடைக்குப் போகிறவர்கள் அதிகம். அது தலைகீழ். முதலில் பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும், பிறகு நேராகப் போக வேண்டும், பிறகு நன்றாக ஓட வேண்டும், கடைசியில்தான் அழகு. பெயின்ட் அடித்த வண்டியின் ஃபென்டரில் சாய்ந்துகொண்டு என்ஜின் வேலை செய்தால் கீறல்தான் மிஞ்சும்.

பிரேக்குக்குப் பட்டியல் இது: முன் பேட் ஒரு செட், பின் ஷூ ஒரு செட், இரண்டு பின் வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ்களும், டாட் 3 பிரேக் ஆயில் ஒரு லிட்டர். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வு மாதிரி ஆயிலைப் பிடித்துக்கொள்ளும், பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே சக்கரம் சூடேறும். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக் குழாயில் சிக்கிய ஏர் எடுக்கும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துக்கு வாருங்கள். ரிசர்வாயரில் ஆயில் அடியைத் தொடவிடாதீர்கள், தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான். திறந்து மாதக்கணக்கில் கிடந்த டின் வேண்டாம், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆரம்ப கால வண்டிகள் சிலவற்றில் பிரேக் பூஸ்டர் இல்லை. பெடல் கடினமாக இருப்பது அங்கே கோளாறு அல்ல.

வண்டிக்கு அடியில் போகும் எந்த வேலைக்கும் ஜாக்கியை நம்பாதீர்கள். இரண்டு ஸ்டாண்டு வைத்து, கையால் உலுக்கிப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் எச்சரிக்காமல் நொறுங்கும்.

முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் மேல் மவுன்ட். இவற்றை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். பிறகே வீல் அலைன்மென்ட். தேய்ந்த பால் ஜாயின்ட்டோடு அலைன்மென்ட் செய்வது காசைக் கரைப்பது. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவதைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் முழுக்க விரியும்போது அதன் இருக்கையிலிருந்து விலகும், நம் ஊர் வேகத்தடையில் ஆயில் பேனும் அடிபடும்.

டயர் கணக்கு

இந்த வண்டிக்கான 145/70 ஆர்12 டயரின் (அகலம் 145 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், வீல் 12 அங்குலம்) மொத்த விட்டம் சுமார் 508 மி.மீ. ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 போட்டால் 537 ஆகும்: தரை இடைவெளி 14.5 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக் காட்டும். 13 அங்குல வீலில் 155/65 போட்டால் 532, அதாவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீட்டரில் 80 என்றால் நிஜத்தில் 84-ஐ ஒட்டி ஓடுகிறது. டயர் பெரிதாவது கியரை உயர்த்துவதற்குச் சமம். நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத என்ஜின் கொல்லிமலை வளைவில் இதை உடனே காட்டிக்கொடுக்கும், முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதலாவது கேட்கும். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 13 அங்குலம் நல்ல மாற்றம்: பிடிமானம் கூடும், டயர் தேர்வும் அதிகம்.

வீலில் நான்கு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. ஸ்விஃப்டின் 100 மி.மீ. வீல் இதில் உட்காராது. அடாப்டர் போட்டுச் சேர்ப்பது ஆபத்து. புது வீல் மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின் இருக்கையில் மூன்று பேரை உட்கார வைத்து, வளைவில் உரசுகிறதா என்று பாருங்கள். ஃபென்டருக்கு வெளியே டயர் நீட்டக் கூடாது.

என்ஜின்: திறனைத் தேடாதீர்கள், சீரைத் தேடுங்கள்

வரலாறு தெரியாத வண்டியில், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை உடனே மாற்றுங்கள். கூடவே டென்ஷனர், கேம் சீல், முன் கிராங்க் சீல். சீல் கசிந்து ஆயில் பட்டால் புது பெல்ட்டும் சீக்கிரம் கெடும். என்ஜின் ஆயில் 3 லிட்டர் வாங்கி, டிப்ஸ்டிக்கில் மேல் கோடுவரை மட்டும் ஊற்றுங்கள்.

பல வண்டிகளில், என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், “நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம்” என்று. அது தவறு. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். சூடேறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டரோ வேலை செய்யாத ஃபேன் சுவிட்சோதான். அதைச் சரிசெய்து தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் ரப்பர் ஹோஸ்களும் கார்பரேட்டர் கேஸ்கட்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை வீங்கும், பிறகு வெடிக்கும், என்ஜின் அறையில் பெட்ரோல் சொட்டும். டேங்கிலிருந்து கார்பரேட்டர்வரை எல்லா ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். கடையில் ‘30 ஆர்9’ என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். கிளாம்ப்பும் புதிது போடுங்கள். வேலை நடக்கும் மாதங்களில் வண்டி நின்றே கிடக்குமென்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தேங்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், திறந்து மூடும் பாயின்ட் உள்ள வகை என்றால் பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. பாயின்ட்டை மாற்றும்போது கண்டென்சரையும் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவது சத்தத்தைத்தான் கூட்டும். என்ஜின் அறையின் சூடான காற்றை இழுப்பதால் இழுவை குறையும்.

ஒயரிங்: சின்னச் செலவு, பெரிய பலன்

இந்த வண்டியின் ஹெட்லைட் மங்கலுக்குக் காரணம் பல்ப் அல்ல, ஒயர். இரண்டு 60 வாட் பல்புக்கு 10 ஆம்பியர் மின்சாரம் பழைய மெல்லிய ஒயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் ஓடி, வழியிலேயே ஒன்றரை வோல்ட் வரை இழக்கிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். இதற்கு 100 வாட் பல்ப் போடுகிறவர்கள் ஹோல்டரை உருக்கி, சுவிட்சைக் கருக்குகிறார்கள்.

சரியான வழி, பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் கொண்டுபோய், பழைய சுவிட்சை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை இயக்க மட்டும் விடுவது. தேவை: 30 ஆம்பியர் ரிலே இரண்டு, 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் 5 மீட்டர், ஃபியூஸ் ஹோல்டர், 20 ஆம்பியர் ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர் இரண்டு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக இரண்டு ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-ஆம் முனையிலிருந்து ஒரு ரிலே லோ பீமுக்கும் மற்றது ஹை பீமுக்கும். பழைய ஹெட்லைட் ஒயரில் வரும் மின்சாரம் 86-க்கு, 85 எர்த்துக்கு. பல்பின் எர்த்தையும் புது ஒயரில் பாடியின் சுத்தமான தகரத்தில் பூட்டுங்கள். சில வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், அதனால் இணைக்கும் முன் டெஸ்டர் வைத்து எந்த ஒயரில் மின்சாரம் வருகிறது என்று பாருங்கள். வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டுப் பல்ப் முனையில் அளந்தால், பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும்.

மியூசிக் சிஸ்டத்துக்கு ஒன்றே ஒன்று: ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பின்சுவரைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஒயர் உரசாமல் காக்கும் வளையம்) போடுங்கள். கார்கள் தீப்பிடிப்பதற்கு இந்த ஓட்டையில் அறுபடும் ஒயரும் ஒரு காரணம்.

தகரமும் பெயின்ட்டும்

ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவுச் சட்டத்தின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்து, மூலைவிட்டத்தை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் உடம்பு சில மி.மீ. தொய்ந்து, பிறகு கதவு சாத்தவே சாத்தாது. பேட்டரியைக் கழற்றுங்கள், எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் யூனிட்டின் கனெக்டரையும். பின் ஃப்ளோர் வேலைக்குப் பெட்ரோல் டேங்க் வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

துருப்பிடித்த தகரத்தை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுங்கள். ஃப்ளோருக்கு 18 கேஜ், வெளித் தகரத்துக்கு 22 கேஜ். சி.ஓ.2 வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி வைத்து, இரண்டு செ.மீ. அடித்ததும் வேறு முனைக்குப் போய், ஆறவிட்டுத் திரும்பி வாருங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் தகரம் நெளியும். கேஸ் வெல்டிங் வெளித் தகரத்துக்கு வேண்டாம், சூடு பரவி உள்பக்கப் பூச்சையும் எரித்துவிடும். பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டுவது பட்டறைகளில் நடக்கும் சுருக்கு வழி. இடையில் தங்கும் ஈரம் இரண்டையும் தின்னும். துருவின் மேல் கறுப்பு அண்டர்கோட் அடிப்பதும் அதே கேடுதான். கதவின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் உள்ள வடிகால் துளைகளை அடைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அவற்றின் வழியாகவே உள்ளே மெழுகுப் பூச்சை விடுங்கள்.

வெறும் தகரத்தில் முதலில் எபாக்சி பிரைமர். அதன் மேல்தான் பட்டி, அதுவும் 2 மி.மீ.க்கு மிகாமல். ஹார்டனர் 2 முதல் 3 சதவீதம். கூட்டினால் சீக்கிரம் காயும், பிறகு பெயின்ட்டின் மேல் மஞ்சளாகக் கசியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், அது நீரை உறிஞ்சி ஆறு மாதத்தில் கொப்புளமாகத் திருப்பிக் கொடுக்கும். 80, 180, 320 எண் உப்புத்தாளில் காய்ந்தபடியே தேய்த்து, சர்ஃபேசர் (மேற்பரப்பைச் சமமாக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகு 600, 800 தாளில் தண்ணீர் விடலாம். பிறகு நிறம் தரும் பேஸ் இரண்டு மூன்று கோட், மேலே பளபளப்புக்குக் கிளியர் இரண்டு. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த இடத்தில் பெயின்ட் வேலை வைக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பளபளப்பு வெளிறிப்போகும். ஹார்டனர் சேர்க்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் நுரையீரலுக்குக் கெடுதல், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும், இல்லையென்றால் பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய நிறத்தையே அடித்தால் ஆர்.சி.யில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, எஞ்சின் அறையையும் கதவு ஓரங்களையும் பிரிக்காமல் விடலாம்.

உள் அலங்காரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குள்ளும் முன் ஃப்ளோரிலும் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் ஒட்டினால் சத்தம் நன்றாகக் குறையும். சதுர மீட்டருக்கு மூன்று கிலோ எடை கூடும் என்பதால் கூரைவரை ஒட்ட வேண்டாம். இருக்கையை மாற்றினால் பழைய போல்ட் துளைகளிலேயே உட்காரும் சட்டம் செய்யச் சொல்லுங்கள், மெலிந்த ஃப்ளோரில் நேரடியாக வெல்டு செய்த இருக்கை விபத்தில் பிடுங்கிக்கொண்டு வரும்.

வண்டி முடிந்து சாலைக்கு வந்ததும் முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு வீல் நட், லோயர் ஆர்ம் போல்ட், பேட்டரி முனை, ஹோஸ் கிளாம்ப் அனைத்தையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். காலையில் வண்டி நின்ற இடத்தில் அட்டை விரித்து எங்கே எது சொட்டுகிறது என்று பாருங்கள். அலாய் வீல், மியூசிக், எரிவாயு கிட் எதைப் புதிதாகப் போட்டிருந்தாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொண்டதற்கான தாளை ஆர்.சி.யோடு வையுங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பில்லையும், மாற்றிய அன்று மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த டைமிங் பெல்ட் எப்போது என்ற கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில் சொல்லும்.